புதிய புதைபடிவக் கடல் நத்தை கிடைத்தால் அதை விவரித்துப் பெயரிடுவது எப்படி

பழைய கடல் படிவுப் பாறையிலிருந்து ஒரு நத்தை ஓடு கிடைத்திருக்கிறது, தேடிய படங்கள் எதிலும் அதே மாதிரி இல்லை, இது புதிய இனமாக இருக்குமோ என்று தோன்றுகிறது. சரி, அடுத்து என்ன செய்ய வேண்டும்? பெயர் யோசிப்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். புதிய இனம் என்று அறிவிப்பதற்கு ஒரே அர்த்தம்தான்: இதுவரை பெயர் வைக்கப்பட்ட எந்த இனமும் இது இல்லை என்று, உங்களைப் பார்த்தே இராத ஒருவர் கட்டுரையை மட்டும் வைத்து ஒப்புக்கொள்ளும்படி காட்ட வேண்டும். அதனால் இந்த வேலையில் புதிய ஓட்டோடு செலவாகும் நேரத்தைவிடப் பழைய பெயர்களோடு செலவாகும் நேரம் அதிகம். கீழே சொல்வதெல்லாம் அந்த நோக்கத்துக்காகத்தான்.

பாறையில் இருக்கும்போதே தொடங்குங்கள்

ஓட்டைப் பெயர்த்து எடுப்பதற்கு முன் அது இருந்த நிலையிலேயே ஒரு படம் எடுங்கள். எந்தப் பாறைத்தொகுதி, அதில் எந்த அடுக்கு, அந்த அடுக்கின் அடியிலிருந்து எவ்வளவு உயரம், அட்சரேகை தீர்க்கரேகை என்ன, இதையெல்லாம் அங்கேயே எழுதிவிட வேண்டும். பையின் வெளியே மட்டும் எழுதினால் போதாது, உள்ளேயும் ஒரு சீட்டு போடுங்கள், வெளிச்சீட்டு அழிந்துபோகும். அடுக்கில் பதிந்தபடி கிடைத்ததா, கீழே உதிர்ந்து கிடந்ததா என்பதும் முக்கியம். உதிர்ந்து கிடந்தது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வயதைப் பற்றி நீங்கள் சொல்லப்போகும் எல்லாம் அதைப் பொறுத்தது.

ஓட்டோடு சேர்த்து அந்த அடுக்கின் மண்ணையும் ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். நத்தைகளை வைத்தே வயது சொல்வது பெரும்பாலும் கடினம், அந்த மண்ணில் இருக்கும் போராமினிஃபெரா, நானோபிளாங்டன் மாதிரியான நுண்ணுயிர்ப் படிவங்கள்தான் வயதைத் துல்லியமாகக் கொடுக்கும். அப்புறம், முழுசாக இருப்பதை மட்டும் பொறுக்காதீர்கள். உடைந்தது, சின்னது, குட்டி எல்லாம் வேண்டும். பெரிய ஓடுகளின் நுனி பெரும்பாலும் தேய்ந்திருக்கும், குட்டிகளில்தான் அது நன்றாக இருக்கும், அந்த நுனி எவ்வளவு முக்கியம் என்பது கீழே வருகிறது.

நிலத்துக்குரியவரின் அனுமதி, அந்த நாட்டின் சேகரிப்புச் சட்டம், வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கான உத்தரவு, இவற்றை எடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். முறையான அனுமதி இல்லாத மாதிரியை நல்ல ஆய்விதழ்களும் அருங்காட்சியகங்களும் ஏற்பதில்லை.

கையில் இருப்பது ஓடா, அச்சா?

பெரும்பாலான நத்தை ஓடுகள் அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் வடிவத்தால் ஆனவை. கால்சைட் என்ற அதன் இன்னொரு வடிவத்தைவிட இது சீக்கிரம் கரையும். அதனால் பழைய பாறைகளில் பல நேரம் ஓடே இருக்காது. ஓட்டுக்குள் புகுந்து இறுகிய சேறு மட்டும் மிஞ்சியிருந்தால் அது உள்ளச்சு. ஓட்டின் வெளிப்புறம் பாறையில் பதிந்த குழி மிஞ்சியிருந்தால் அது வெளியச்சு. இரண்டும் வேறு வேறு தகவலைத் தருபவை. உள்ளச்சில் வெளிவரிகள் எதுவும் தெரியாது, சுற்றுகளின் உருவம் மட்டும் தெரியும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத குடும்பங்களின் உள்ளச்சுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: உள்ளச்சு மட்டும் கையில் இருந்தால் புதிய பெயர் வைக்காதீர்கள். அப்படி வைத்த பழைய பெயர்கள் பல, எதற்கு உரியவை என்று யாரும் சொல்ல முடியாத நிலையில் இன்றும் பட்டியல்களில் தங்கியிருக்கின்றன.

வெளியச்சு கிடைத்தால் நிலைமை நல்லது. அந்தக் குழியில் சிலிக்கோன் ரப்பரோ லேட்டெக்ஸோ ஊற்றி எடுத்தால் ஓட்டின் வெளிப்புறம் அப்படியே வரும், மெல்லிய வளர்ச்சிக் கோடுகள்கூடத் தெரியும். ஆகவே உள்ளச்சை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றியிருந்த பாறைத் துண்டை எறிந்துவிடக் கூடாது, தேவையான விவரம் அந்தத் துண்டில்தான் இருக்கும்.

சுத்தம் செய்வது

தண்ணீர், மென்மையான தூரிகை, நுண்ணோக்கியின் கீழ் ஒரு ஊசி, பல மாதிரிகளுக்கு இவையே போதும். இளகிய களிமண் படிவாக இருந்தால் தண்ணீரில் ஊறவைத்து 0.5 மி.மீ. சல்லடையில் அலசுங்கள், சின்ன நத்தைகளும் குட்டிகளும் அங்கேதான் மாட்டும். களிமண் விடாப்பிடியாக இருந்தால் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும், ஆனால் பைரைட் என்ற இரும்பு சல்பைடு கனிமம் கலந்த மாதிரிகளில் அதைத் தொடாதீர்கள். சுண்ணாம்பு ஓட்டின் மேல் எந்த அமிலமும் படக் கூடாது, வினிகர்கூட. ஒரே விதிவிலக்கு, சுண்ணாம்புக்கல்லுக்குள் ஓடு சிலிக்காவாக மாறியிருக்கும் மாதிரிகள்: அங்கே நீர்த்த அமிலம் கல்லைக் கரைத்து ஓட்டை விட்டுவைக்கும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் அமிலத்தில் போடாமல் ஒரு துண்டில் முதலில் பாருங்கள்.

உதிரும் ஓட்டை உறுதிப்படுத்த அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசினைப் பயன்படுத்துவது வழக்கம். பின்னால் தேவைப்பட்டால் அதை அசிட்டோனாலேயே கரைத்து நீக்கலாம், சாதாரணப் பசையில் அது நடக்காது. ஓக் மாதிரி அமில ஆவி விடும் மரப்பெட்டிகளில் வைக்க வேண்டாம். அந்த ஆவி ஓட்டின் மேற்பரப்பில் வெள்ளை உப்பாகப் பூத்து நுண்ணிய வரிகளையே தின்றுவிடும். பைன் (Byne) என்பவரின் பெயரால் பைன் நோய் என்று இதற்குப் பெயர், பெயரில்தான் நோய், உண்மையில் இது வேதிவினை.

நத்தைதானா என்று ஒருமுறை பாருங்கள்

தட்டையாகச் சுருண்டதெல்லாம் நத்தை இல்லை. குறுக்குத் தடுப்புகள் தெரிந்தால் கணவாய்க்கு உறவான அம்மோனைட்டாகவோ நாட்டிலஸ் வகையாகவோ இருக்கலாம். ஒழுங்கில்லாமல் வளைந்த குழல் என்றால் செர்புலிட் புழுவின் குழாயா, வெர்மெடிட் நத்தையா என்று பிரிக்க வேண்டும். வெர்மெடிட்டின் ஓடு மூன்று படலம், உட்புறம் பளபளப்பு, தொடக்கத்தில் ஒழுங்காகச் சுருண்ட குஞ்சு ஓடு இருக்கும். புழுக்குழாயில் இவை கிடையாது.

ஓட்டைப் படிப்பது

ஓட்டை நுனி மேலாக, வாய் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் வந்தால் வலஞ்சுழி, இடப்பக்கம் வந்தால் இடஞ்சுழி. பெரும்பாலானவை வலஞ்சுழிதான். பழைய பிரெஞ்சு நூல்கள் சிலவற்றில் நுனி கீழாக வைத்து வரைந்திருப்பார்கள், ஒப்பிடும்போது குழம்ப வேண்டாம்.

பிறகு மேலிருந்து கீழாக ஒரே ஒழுங்கில் பாருங்கள்: குஞ்சு ஓடு, அடுத்த சுற்றுகள், சுற்றுகள் சேரும் தையல்கோடு, கடைசிச் சுற்று, அடிப்பகுதி, தொப்புள்குழி (அடியின் நடுவில் இருக்கும் குழி), வாய், வெளியுதடு, உள்ளுதடு, நடுத்தூண் (சுற்றுகள் சுற்றிவரும் தூண்), வாயின் அடியில் சைஃபன் கால்வாய் (நத்தை நீரை இழுக்கும் குழல் நீளும் பள்ளம்) இருக்கிறதா இல்லையா. சுற்றோடு சேர்ந்து ஓடும் சுற்றுவரிகளையும், ஓடு சுருளும் நடு அச்சின் போக்கில் நெடுக்காக இறங்கும் விலாக்களையும் தனித்தனியே எண்ணுங்கள். எந்தச் சுற்றில் எத்தனை என்று சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பயனில்லை, ஏனென்றால் வளர வளர வரிகள் கூடலாம், விலாக்கள் மங்கி மறையலாம்.

இவற்றில் குஞ்சு ஓட்டுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். முட்டைக்குள் இருந்தபோதும், லார்வாவாக இருந்த காலத்திலும் அந்த நத்தை கட்டிய ஓடு அது. நுனியில் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும், ஆய்வாளர்கள் புரோட்டோகாங்க் என்பார்கள். லார்வா கடலில் மிதந்து மேய்ந்து வளர்ந்திருந்தால் தொடக்கப் புள்ளி மிகச் சிறியதாகவும் சுற்றுகள் பலவாகவும் இருக்கும். மஞ்சள் கரு நிறைந்த பெரிய முட்டைக்குள்ளேயே வளர்ந்திருந்தால் குமிழ் மாதிரி பெருத்து ஒன்றோ ஒன்றரையோ சுற்றோடு நின்றுவிடும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு பிராணி எப்படிப் பிறந்து வளர்ந்தது என்பதை ஒரு மில்லிமீட்டர் ஓட்டிலிருந்து சொல்ல முடிகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான், நுனி தேய்ந்த மாதிரியை வைத்து அவசரப்பட்டுப் பெயர் வைத்திருப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருப்பதும் இதனால்தான். வகைப்பாட்டுக்கும் இது அவசியம்: ஹெட்டரோபிராங்கியா என்ற பெரும்பிரிவில் குஞ்சு ஓடு, வளர்ந்த ஓட்டுக்கு எதிர்த்திசையில் சுருண்டிருக்கும். வளர்ந்த ஓட்டின் உருவம் எவ்வளவு ஏமாற்றினாலும் இது காட்டிக்கொடுக்கும். உயர்ந்து ஒல்லியான ஓடு என்பது பல குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றிய உருவம், அதை மட்டும் வைத்துக் குடும்பம் முடிவு செய்யக் கூடாது.

வளர்ச்சிக் கோடுகளையும் விடாதீர்கள். வெளியுதடு உடைந்துபோயிருந்தாலும் அதன் வளைவு என்னவாக இருந்தது என்பதை அந்தக் கோடுகள் சொல்லிவிடும். ப்ளூரோடொமேரியா வகைகளில் உதட்டில் ஒரு பிளவு இருக்கும், நத்தை வளரும்போது அது மூடிக்கொண்டே வந்து சுற்று முழுக்க ஒரு பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு அகலம், சுற்றின் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்தே பேரினங்களைப் பிரிக்கிறார்கள்.

அளவுகள் மில்லிமீட்டரில். உயரம் அச்சுக்கு இணையாக, அகலம் அதற்குச் செங்குத்தாக, அதோடு கடைசிச் சுற்றின் உயரம், வாயின் உயரம், நுனிக்கோணம். நுனி உடைந்திருந்தால் முழு உயரம் இவ்வளவு இருக்கும் என்று ஊகித்து எழுதாமல், எஞ்சியிருக்கும் உயரம் என்று எழுதுங்கள்.

ஒரே இனத்துக்குள் எவ்வளவு மாறும்?

லிட்டோரினா சாக்ஸாட்டிலிஸ் என்ற சின்னக் கடற்கரை நத்தை, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இன்றைக்கும் வாழ்கிறது. அளவு, நிறம், ஓட்டின் தடிமன், வரி எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அதனால் இந்த ஒரே நத்தைக்கு நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் வைத்துவிட்டார்கள். உயிரோடு கையில் எடுக்கக்கூடிய நத்தைக்கே இந்த நிலைமை. நியூசெல்லா லாபில்லஸ் என்னும் இன்னொன்றில், அலை மோதும் பாறையில் வாழ்பவை குட்டையாக, அகன்ற வாயோடு இருக்கும். அலையில்லாத, நண்டுகள் நிறைந்த இடத்தில் வாழ்பவை நீண்டு, வாய் குறுகி இருக்கும். புதைபடிவமாக இரண்டு வேறு பாறைகளில் கிடைத்திருந்தால் இரண்டு இனம் என்றே பலரும் எழுதியிருப்பார்கள்.

எனவே ஒரு மாதிரியை வைத்து முடிவு செய்யாமல், முடிந்த அளவு எண்ணிக்கையைச் சேருங்கள். உயரத்துக்கு எதிராக அகலத்தை ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக இட்டுப் பாருங்கள். இரண்டு வடிவங்கள் என்று நினைத்தவை ஒரே நீண்ட கூட்டமாக வந்தால் அவை குட்டியும் பெரியதுமாக இருக்கலாம். கூட்டம் தெளிவாக இரண்டாகப் பிரிந்து, நடுவில் எதுவும் இல்லாமல், வேறொரு குணமும் அந்தப் பிரிவோடு ஒத்துப்போனால்தான் மேலே போக வேண்டும். கையில் ஒரே ஒரு மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அது மிக நன்றாக இருக்கிறது, குஞ்சு ஓடு உட்பட எல்லாம் தெரிகிறது என்றால் பெயர் வைப்பதில் தவறில்லை, ஒரே ஒரு மாதிரிதான் என்பதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

ஒப்பீடு

முதலில் அதே வயதுப் பாறைகளிலிருந்து, அதே கடற்பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு அதே பேரினத்தில் சற்று முந்தைய, பிந்தைய வயதுகளில் உள்ளவை. 1800களில் வந்த பெரிய ஓவியத் தொகுப்புகள் பல பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றைக்கு ஏற்கப்படும் பெயர் எது என்று பார்க்க மொலஸ்காபேஸ் தரவுத்தளம் உதவும். குடும்பங்களின் ஒழுங்குக்கு பூஷே முதலானோர் 2017இல் வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள்.

பழைய ஓவியங்களை அப்படியே நம்ப வேண்டாம். உடைந்த நுனியை ஓவியர் தானே முடித்து வரைந்திருப்பார், இரண்டு மாதிரிகளைச் சேர்த்து ஒன்றாக வரைந்ததும் உண்டு. பெயர் எந்த மாதிரியின் மேல் நிற்கிறதோ அந்த மாதிரியின் புகைப்படத்தை அருங்காட்சியகத்திடம் கேட்டு எழுதுங்கள். மரியாதையாக, எண்ணைக் குறிப்பிட்டு, எதற்காக என்று சொல்லிக் கேட்டால் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் உதவுவார்கள்.

பேரினத்தையும் பழக்கத்தில் வைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைக்கும் 'டரிட்டெல்லா அகேட்' என்ற கல்லில் நிறைந்திருக்கும் நத்தைகள் டரிட்டெல்லா என்ற கடல் நத்தையே இல்லை. எலிமியா டெனெரா என்ற நன்னீர் நத்தை அது, ஈயோசீன் காலத்து ஏரிப் படிவு. உருவம் மட்டும் பார்த்து வைத்த பெயரில் ஏரியே கடலாகிவிட்டது. உங்கள் இனத்தை ஒரு பேரினத்தில் சேர்ப்பதென்றால் அந்தப் பேரினத்தின் மாதிரி இனத்தோடு, அதாவது பேரினப் பெயர் எந்த இனத்தின் மேல் நிற்கிறதோ அதோடு, ஒப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பீட்டை ஒரு அட்டவணையாகப் போட்டுக்கொண்டால் நல்லது: இடப்பக்கம் இனங்கள், மேலே குணங்கள். பதில் இல்லாத வெற்றுக் கட்டங்கள் அதிகமாக இருந்தால் பெயர் வைக்கும் நேரம் வரவில்லை. அப்போது பேரினப் பெயரோடு, எந்த இனம் என்று தெரியவில்லை என்பதற்கு 'எஸ்பி.' என்றோ, இந்த இனம்போல் தெரிகிறது ஆனால் உறுதியில்லை என்பதற்கு 'சிஎஃப்.' என்றோ, நெருக்கமானது ஆனால் வேறு என்பதற்கு 'ஆஃப்.' என்றோ போட்டு வெளியிடலாம். அதுவும் முழு மதிப்புள்ள வெளியீடுதான், படமும் இடமும் வயதும் சரியாக இருந்தால் பின்னால் வருபவர் அதை எடுத்துக்கொண்டு மேலே போவார்.

பெயரிடும் விதிகள்

விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. விலங்குப் பெயர்களின் கணக்கு 1758இலிருந்து தொடங்குகிறது, முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை. புதிய இனத்துக்கு நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டியவை: இது புதிய பெயர் என்று வெளிப்படையாகச் சொல்வது, வழக்கமாக 'எஸ்பி. நோவ்.' என்று போடுவார்கள். மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொற்களில் எழுதுவது. பெயரைத் தாங்கும் ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப் என்று குறிப்பிடுவது, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது அல்லது இருக்கப்போகிறது என்று எழுதுவது. படம் மட்டும் போட்டுப் பெயர் வைத்தால் அந்தப் பெயர் செல்லாது.

ஹோலோடைப்பாக மிக அழகானதைத் தேர்வதைவிட, வேறுபடுத்தும் குணங்கள் அதிகம் தெரிவதைத் தேர்ந்தெடுங்கள். மற்றவை பாராடைப்புகள். குட்டி, நடுத்தர வளர்ச்சி, முதிர்ந்தது என்று கலந்து வையுங்கள். எல்லாம் பொதுமக்களின் ஆய்வுக்குத் திறந்திருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும், சொந்த அலமாரியில் இருக்கும் ஹோலோடைப்பை அடுத்தவர் பார்க்க வழியில்லை.

இனப்பெயர் லத்தீன் அடைமொழியாக இருந்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும்: கோனஸ் (ஆண்பால்) என்றால் 'அல்பஸ்', டரிட்டெல்லா (பெண்பால்) என்றால் 'அல்பா'. ஒரு ஆணின் பெயரை வைத்தால் இறுதியில் 'இ', பெண்ணின் பெயர் என்றால் 'ஏ'. அதே பேரினத்தில் அதே பெயர் முன்பே வைக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள், இன்று வழக்கொழிந்த பெயரும் கணக்கில் வரும்.

எழுதுவதும் படமும்

வழக்கமான வரிசை: வகைப்பாடு, பெயர், பெயர்க்காரணம், ஹோலோடைப்பும் எண்ணும், பாராடைப்புகள், கிடைத்த இடமும் அடுக்கும், சுருக்கமான வேறுபாட்டுக் குறிப்பு, முழு விவரிப்பு, அளவுகள், ஒப்பீடு. வேறுபாட்டுக் குறிப்பில் இந்த இனத்தைப் பிரித்துக் காட்டும் குணங்கள் மட்டும் வரட்டும், மற்றவை விவரிப்புக்குப் போகட்டும். "அழகான நுண்வரிகள் உள்ள நடுத்தர ஓடு" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது. "கடைசிக்கு முந்தைய சுற்றில் 5 சுற்றுவரிகள், அவற்றில் கீழிருந்து இரண்டாவது மற்றவற்றைப்போல் இருமடங்கு அகலம், விலாக்கள் நான்காம் சுற்றோடு மறைகின்றன" என்றால் அதை வைத்து ஒருவர் தன் கையில் இருக்கும் ஓட்டைச் சரிபார்க்கலாம். வேட்டையாடும் வேறொரு நத்தை துளையிட்ட வட்டத் துவாரம், உடைந்து ஆறிய உதடு இவை தெரிந்தால் தனியே குறிப்பிடுங்கள், இனத்தின் குணங்களோடு கலக்க வேண்டாம்.

படத்துக்கு முன் ஓட்டை அம்மோனியம் குளோரைடு புகையால் மெல்லிய வெண்பூச்சாக்குவது வழக்கம். நிறத் திட்டுகள் மறைந்து வரிகள் மட்டும் எழுந்து தெரியும். புகையை வெளியேற்றும் ஆய்வகக் கூண்டில் செய்யுங்கள், படம் எடுத்ததும் பூச்சை முழுக்க நீக்கிவிடுங்கள், ஈரக்காற்றில் விட்டால் ஓட்டை அரிக்கும். ஒளி இடப்பக்க மேல்மூலையிலிருந்து வரட்டும், எல்லாப் படங்களிலும் அப்படியே, இல்லாவிட்டால் மேடு பள்ளமாகத் தெரியும். வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம், உதட்டின் பக்கவாட்டு, நுனி, அடி, இத்தனை கோணங்கள், ஒவ்வொன்றிலும் அளவுகோல். குஞ்சு ஓட்டுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இருந்தால் மிக நல்லது. ஹோலோடைப்புக்குத் தங்கப்பூச்சு போட அருங்காட்சியகம் சம்மதிக்காமல் போகலாம், பூச்சு இல்லாமல் குறைந்த வெற்றிடத்தில் எடுக்கும் கருவியைக் கேளுங்கள்.

அனுப்பும்போது

தொல்லுயிரியல் அல்லது மெல்லுடலிகள் பற்றிய, உண்மையாகவே மதிப்பாய்வு செய்யும் இதழாகப் பார்த்து அனுப்புங்கள். மதிப்பாய்வாளர் ஒரு பழைய பெயரைச் சுட்டி, இதோடு ஏன் ஒப்பிடவில்லை என்று கேட்டால் அந்த மாதிரியைத் தேடிப் பாருங்கள், உங்கள் இனம் அதுவேதான் என்று தெரியவந்தால் அந்தக் கட்டுரையையே அந்த இனத்தின் மறுவிவரிப்பாக மாற்றி எழுதலாம். மின்னிதழ் மட்டும் என்றால் 2012 முதல் உள்ள திருத்தப்படி, கட்டுரை வெளிவருவதற்கு முன்பே ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிந்து, பதிவு எண்ணும் வெளியீட்டுத் தேதியும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர் வெளியானதாகவே கொள்ளப்படாது. கடைசி மெய்ப்பு வரும்போது மூன்றைப் பாருங்கள்: புதிய பெயரின் எழுத்து தலைப்பிலும் உள்ளேயும் படக்குறிப்பிலும் ஒன்றா, அருங்காட்சியக எண்கள் மாதிரியோடு இருக்கும் சீட்டில் உள்ளபடி வந்திருக்கின்றனவா, அளவுகோலின் நீளம் படத்தைச் சுருக்கியபோது மாறிவிடவில்லையா.